வில்லங்கச் சீட்டு

டிரைவர் அந்தச் சிவப்புக் காரை உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அளவுதான். அதற்குள் கதவுக்கு ஒரு கோடு, கண்ணாடிக்கு நீலம், பக்கத்தில் அவர் ஓட்டுகிற பஸ்ஸின் எண் பதினேழு.

"கடையில வாங்குனதுன்னே சொல்லலாம் மச்சான். இதுக்கெல்லாம் உங்களுக்கு எப்பத்தான் நேரம் கிடைக்குதோ?"

"ஏதோ, கிடைக்கிறப்ப," என்று ஃபிட்டர் குனிந்து ஆட்டப் பலகையை மேஜைமேல் விரித்தார். நான்கு ஞாயிறாக இதே கேள்வி, இதே பதில்.

இருவருக்கும் ஒரே பஸ் டிப்போவில் வேலை. டிரைவர் ஃபிட்டரின் தங்கை கணவர். ஞாயிறு மதியமானால் மூன்று பேரும் தங்கை வீட்டில் கார் ரேஸ் ஆடுவார்கள். வாங்கும்போது அது சின்னப் பிள்ளைகள் ஆட்டம். டைஸைப் போட்டுக் கட்டத்தை எண்ணினால் தீர்ந்தது. ஃபிட்டர் சும்மா இருக்கிற ஆளா? கொண்டை ஊசி வளைவு வரைந்தார், பெட்ரோல் பங்க் வைத்தார், பிளாஸ்டிக் கார்களைத் தேய்த்து டிப்போவில் மிஞ்சிய பெயிண்டை அடித்தார். மஞ்சள் கட்டத்தில் நின்றால் வில்லங்கச் சீட்டு எடுக்க வேண்டும் என்பது தங்கையின் யோசனை. 'டயர் பஞ்சர், ஒரு ஆட்டம் போச்சு.' 'நாய் குறுக்கே வந்தது, இரண்டு கட்டம் பின்னால் போ.' வாரத்துக்கு ஆளுக்கொரு சீட்டு புதிதாக எழுதிக் கட்டில் சேர்க்க வேண்டும்.

அன்று டிரைவர் முதலில் எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினார். "'டிரைவர் கண் அசந்தார். ஆறு ஆட்டம் போச்சு.'"

அவர் மட்டும் சிரித்தார்.

"ஏங்க, விளையாடுற விஷயமா இது?" என்றாள் தங்கை.

"நாளைக்கு ஆபீஸ்ல இதைத்தானே எழுதிக் கையெழுத்துப் போடப்போறேன்? ஒத்துக்கிட்டா ஆறு மாசம் சஸ்பெண்ட். இல்லேன்னா வேலையே போயிரும். பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கலைன்னு கத்திட்டே இருந்தேன். ஆனா பிரேக் சரின்னு மச்சான் கையெழுத்து இருக்கே! அது பொய் சொல்லுமா? நான்தான் தூங்கியிருக்கணும்."

ஃபிட்டர் கார்களைக் கோட்டில் நேராக நிறுத்தினார்.

நான்கு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய் மாலை, டிரைவர் ஓட்டிய பதினேழாம் எண் பஸ் சுவரில் மோதி ஒரு பயணிக்குக் கை முறிந்தது. நசுங்கிப்போன முன்பக்கத்தில் எதைப் பார்ப்பது? அதிகாரிகள் பதிவேட்டைப் பார்த்தார்கள். 'பிரேக் பார்க்கப்பட்டது, சரி.' கீழே ஃபிட்டரின் கையெழுத்து.

பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. அன்று மதியம் பிரேக் பார்க்க வேண்டிய அந்த ஒரு மணி நேரமும் சாமான் அறையில் உட்கார்ந்து, குச்சி நுனியால் இந்தச் சிவப்புக் காரில் பதினேழு எழுதிக்கொண்டிருந்தார் பெரிய மனிதர். நிஜப் பதினேழு வெளியே நின்றுகொண்டிருந்தது! மாப்பிள்ளை அசந்துபோவார் என்று உள்ளுக்குள் குஷி வேறு. விபத்துக்குப் பிறகாவது வாயைத் திறந்தாரா? உண்மையைச் சொல்லப் போய், ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்த ஞாயிறே காரையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அடப்பாவி மனுஷா! தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளத்தான் தோன்றியது அவருக்கு. அதையும் மனசுக்குள்தான் செய்தார்.

தங்கை சீட்டுக்கட்டைப் புரட்டினாள். "அண்ணா, பஞ்சர் எழுதியிருக்கே, ரேடியேட்டர் எழுதியிருக்கே, வைப்பரைக்கூட விடலை. பொழுதன்னைக்கும் பிரேக்கோட மாரடிக்கிற ஆளு, பிரேக்குக்கு ஒரு சீட்டு எழுதலையே?"

"மச்சான் பாத்த வண்டியில பிரேக் எப்படிடீ போகும்?" என்றார் டிரைவர்.

அதற்கு மேல் ஃபிட்டரால் முடியவில்லை. வெற்றுச் சீட்டை எடுத்துக் கையால் மறைத்து எழுதி, கட்டின் மேலேயே கவிழ்த்து வைத்தார்.

"கலைக்கணும்ண்ணா."

"வேணாம்மா. மேலயே இருக்கட்டும்."

முதல் சுற்றில் யாரும் மஞ்சளில் நிற்கவில்லை. இரண்டாம் சுற்றில் டிரைவருக்கு நாலு விழுந்தால் மஞ்சள். அப்போதும் ஃபிட்டருக்குள் ஒரு மனசு, ஐந்து விழட்டும், தாண்டிப் போகட்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டது. நாலுதான் விழுந்தது.

"வந்துட்டான்யா வில்லங்கத்துக்கு!" டிரைவர் சீட்டைப் புரட்டி, நாடகக் குரலில் படித்தார். "'பிரேக் பார்க்கவில்லை. ஃபிட்டர் கார் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.' பலே மச்சான், இதுதான்..."

குரல் நின்றது. பலகையில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தார்.

"இதுதான் மாப்பிள. செவ்வாய்க்கிழமை மத்தியானம்," என்றார் ஃபிட்டர். "நேரம் எப்ப கிடைச்சுதுன்னு கேட்டீங்களே. நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடாதீங்க. நான் வந்து எழுதிக் கொடுக்குறேன்."

தங்கை அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை ஆட்டம் போகும்னு எழுதலையேண்ணா," என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை.

திட்டுவார், பலகையைத் தூக்கி எறிவார் என்று ஃபிட்டர் காத்திருந்தார். டிரைவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தூங்கலைடீ," என்றார். "நான் மிதிச்சேன். நிஜமாவே மிதிச்சேன்." முகமெல்லாம் சிரிப்பாக, கண்ணீர் கொட்ட, அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்தது. ஃபிட்டர் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.