அவர் சொன்ன பெயர்

முதுகலை உளவியல் மாணவி அவள். ஒழுங்கில் வகுப்பிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓய்வுக்குப் பிந்தைய தனிமை பற்றிய ஆய்வுக்காக ஒரு பஸ் டிரைவரைப் பேட்டி எடுத்தாள். மூன்றாம் ஆள் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் மனைவியைச் சமையலறைக்கு அனுப்பிக் கதவையும் சாத்தினாள். பேச்சை எழுத்தாக்கியதும் பதிவை அழிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அழித்தாள். ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதால், பெயர் வந்த இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டு உறவை அடைப்புக்குறிக்குள் போட்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது?

இப்போது அந்த அம்மா துறை அறையில் எதிரே உட்கார்ந்திருந்தார். டிரைவர் இறந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவரு குரலை ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்மா."

"அழிச்சிட்டேன்மா. அழிக்கணும்னுதான் விதி."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

"கல்யாணமான புதுசுல எனக்கு ஒரு செல்லப் பேரு வச்சிருந்தாரு. பசங்க பொறந்ததும் விட்டுட்டாரு. நானும் கேட்டுக்கலை. உன்கிட்ட என்னை எப்படிச் சொன்னாரு? என் பேரையா, அந்தப் பேரையா?"

யாருக்கும் காட்டக் கூடாது என்ற விதியை அன்றுதான் மீறினாள். கணினியைத் திறந்து வாசித்தாள்.

"'அவளை (மனைவி)ன்னுதான் கூப்பிடுவேன். (சிரிப்பு) இப்பவும் மனசுக்குள்ள அதான்.'"

"மனைவின்னா சொன்னாரு?"

"இல்லம்மா, ஏதோ ஒரு பேரு சொன்னாரு. நான்தான் எடுத்துட்டேன்."

"என்ன பேரு?"

மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். டிரைவர் தலை குனிந்து சிரித்தது ஞாபகம் வந்தது. சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்ததும் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா. காதுல விழுந்தா ஞாபகம் வந்துடும்."

"நான் சொன்னா, பாவம்னு நீ ஆமான்னுடுவ. நீயா சொல்லு."

பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. பேட்டிக்கான முதல் பாடமே அதுதான். எதிரில் இருப்பவர் யோசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது இரண்டாவது.

அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தார்.