கூரைக்கு எட்டாத சுவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் கூரை வரை கிடையாது. கட்டிய காலத்துத் துரை கல்லை மிச்சம் பிடித்தான். அந்தப் புண்ணியவானால் பக்கத்துக் காம்பரா லிங்கம் அண்ணன் வீட்டுச் சங்கதி ஒன்று விடாமல் எனக்குத் தெரியும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்லவேண்டாம். காது இருக்கிறது, விழுகிறது.

லிங்கம் அண்ணன் தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். போன வருடம் சீனி வியாதியில் காலில் புண் வைத்து, பதுளை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீடு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். சோறு வேண்டாம், மருந்து வேண்டாம். "நான் எதுக்குடி இருக்கணும், சொல்லு பாப்போம்?" என்று மனைவி மீனாம்பாளைத் தினம் கேட்பார். "ஒரு வாய் சாப்பிடுங்க" என்பாள் அவள். எனக்குப் பதில் தெரிந்திருந்தால் சொல்லாமல் விடுகிற ஆளா நான்?

மீனாம்பாள் நமுனுகுல பக்கம் ஒரு ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினாள். "சும்மா குடுக்குற பால்மா பக்கெட்டுக்குப் போறா" என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது முதலில் சொன்னது நான்தான். பக்கெட் எதுவும் வரவில்லை. பாஸ்டர் ஜெயகுமார்தான் வந்தார், மழையில் நனைந்த மோட்டார் சைக்கிளில்.

"கவ்வாத்து வெட்டின செடியும் தளிர்க்குதுல்லண்ணே," என்றார்.

"செடிக்கு வேர் இருக்கு ஐயா. எங்காலுக்கு எங்க இருக்கு?"

நான் இந்தப் பக்கம் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பாஸ்டர் வேறு பேச்சு எடுத்தார்:

"நாள் பூரா என்னண்ணே செய்வீங்க?"

"லயத்துல நடக்குறதக் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். யாரு இருமுறா, யாரு அழுவுறா..."

"அப்ப உங்களுக்கு வேலை இருக்கு. கேக்குறத ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. இந்த லயத்துக்காக ஜெபம் பண்ண எங்க சபையில ஆளில்ல. நீங்க பாத்துக்கங்க."

காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தேயிலை மலை வேலைக்குப் பிரித்துக் கொடுப்பார்களே, அதுபோல முழு லயத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். "படுக்கையில ஒரு உத்தியோகம்" என்று பீலியடியில் சொல்லிச் சிரித்தோம்.

மறுநாள் பொழுது சாயும்போது கட்டில் முனகியது. லிங்கம் அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். கடைசிக் காம்பராப் பிள்ளையின் இருமலிலிருந்து ஜெபத்தைத் தொடங்கினார். நாளுக்கு ஒரு காம்பரா. மூன்றாம் நாள், "சோத்தப் போடுடி, வெறும் வயித்துல சத்தம் வரமாட்டேங்குது" என்றார். மருந்தும் இறங்கியது.

வெள்ளிக்கிழமை என் முறை.

"ஏசுவே, பக்கத்துக் காம்பரா கருப்பம்மாவப் பாருங்க. மக பிரஷாந்தினி சவூதியில இருந்து ரெண்டு மாசமா பேசல. ஊரு கதையெல்லாம் பேசிட்டு வந்து, ஃபோன மடியில வச்சிக்கிட்டு அழுவுது. வாய்தான் நீளம். அந்தப் புள்ளயப் பேச வைங்க சாமி."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் அழுததை யாரிடமும் சொன்னதில்லை. சுவர் அந்தப் பக்கமும் அதே உயரம்தான் என்பது இருபது வருடமாக என் மண்டையில் ஏறவில்லை! அவர் இதைப் பீலியடிக்குக் கொண்டுபோகாதது கால் இல்லாததால்தான் என்று சொல்லலாம். ஆனால் மீனாம்பாளுக்கு இரண்டு கால் இருக்கிறதே, அவளும் மூச்சுவிடவில்லை.

சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அண்ணே! சவூதி இல்ல, குவைத்து! சரியாச் சொல்லுங்க. அவரு அங்க போய்த் தேடிக்கிட்டு நிக்கப் போறாரு!"

அந்தப் பக்கம் லிங்கம் அண்ணன் சிரித்தார். கால் போன பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். மீனாம்பாள் சிரித்தாளா அழுதாளா, அது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

"குவைத்து, ஏசுவே," என்று திருத்திக்கொண்டார்.

மகள் இன்னும் பேசவில்லை. லிங்கம் அண்ணன் தினமும் சுவருக்கு மேலாகக் கேட்கிறார்:

"புள்ள பேசுச்சா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"சரி, நாளைக்கும் சொல்றேன்."

அவர் வாயில் 'நாளைக்கு' என்று கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. இதை நான் பீலியடியில் சொல்லிவிட்டேன். அவர் வேலை அவருக்கு, என் வேலை எனக்கு.