தீராத வயிற்று வலி

தமிழ்நாட்டில் மனம் நொந்து யாரும் சாவதில்லை. பேப்பரைப் பாருங்கள். கடன்பட்டவன் செத்தாலும், அடிபட்ட மருமகள் செத்தாலும் காரணம் ஒன்றுதான்: தீராத வயிற்று வலி. எண்பத்தெட்டில் நான் கம்பவுண்டராக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், காலை டீயோடு அந்தத் தற்கொலைச் செய்தியைச் சத்தமாகப் படிப்பேன். டாக்டர் பார்த்தசாரதி விழுந்து விழுந்து சிரிப்பார். "எழுதுறவனுக்கு வேற வியாதியே தெரியாதாய்யா?"

சிரித்து முடித்துவிட்டு நோயாளிகளைக் கூப்பிடுவோம். அவர்களில் ஒருவர் வேம்புலி. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர். வயலில் எலி பிடிப்பவர். எவனோ திருடிய பம்புசெட்டுக்காகப் போலீஸ் இவரைப் பிடித்துப்போய் அடித்து, உண்மையான திருடன் கிடைத்ததும் "போடா" என்று அனுப்பியிருந்தது. இருளர் என்றால் திருடர் என்று எவன் சொல்லிக்கொடுத்தானோ, நாசமாய்ப் போக.

"என்னப்பா?" என்பார் டாக்டர்.

"வயித்த வலிக்குது சார். சோறு எறங்கல. தூக்கமும் வர்ல."

டாக்டர் மிக்சர் எழுதுவார். நான் ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில் ஊற்றிக் கொடுப்பேன். மறுபடி வந்தார், மறுபடி மிக்சர். அதற்கப்புறம் பூச்சி மாத்திரை.

ஒரு நாள் காலை, நாங்கள் டீ குடிக்க உட்காரும்போது, காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். கூடவே எலி வளை தோண்டும் கடப்பாரையை. அதை விட்டு ஓர் அடி நகராத மனிதர்.

"இத்த நீயே வெச்சிக்க சார். எனுக்கு இனிமே வோணாம்."

"வலி?"

"இன்னியோட போய்டும் சார்."

அவர் போனதும் டாக்டர் பூரித்துப்போனார். "மிக்சர் கேட்டுடுச்சு, பார்த்தீரா?"

நான் பேப்பரை விரித்தேன். "தீராத வயிற்று வலியால்..." என்று தொடங்கினேன். மேலே படிக்காமல் பேப்பரை மடித்தேன். டாக்டரும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த கடப்பாரையைப் பார்த்தோம். மருந்து கேட்டதாம்! நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கேட்டோமா?

மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு டாக்டர் ஏரிக்கரைக்குப் பறந்தார். வேம்புலி ஒரு வேலிகாத்தான் முள்மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"வேம்புலி, செத்துடலாம்னு தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்றுதானே எல்லோரும் சொல்வோம்!

"இத்த கேக்க இத்தினி நாளா சார்?" வேம்புலி ஓவென்று அழுதார். "அடிச்சது கூட பரவால்ல. பெத்த புள்ளைங்க எதுர்ல திருடன்னு இஸ்துகினு போனானுங்களே."

அன்றிலிருந்து அவர் மனைவி பொன்னியம்மா அவரைத் தனியாக விடவில்லை. டாக்டரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தந்தார். வாரா வாரம் வேம்புலி வந்து பேசுவார், டாக்டர் காது கொடுத்துக் கேட்பார். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது.

டாக்டர்தான் கெட்டுப்போனார். வயிற்று வலி என்று யார் வந்தாலும் நாற்காலி போட ஆரம்பித்தார். குப்பம்மா என்றொரு நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று பக்கத்தில் உட்கார்ந்து, "மனசுல என்னம்மா குறை? வீட்டுக்காரர் அடிக்கிறாரா? வாழவே பிடிக்கலையா?" என்று உருகினார்.

"அய்ய, நேத்து கெட்டுப்போன நண்ட துன்னுட்டேன் சார்! அந்த ரோஸ் தண்ணிய குட்த்தா நான் பாட்டுக்குப் போறேன்!"

வாசலில், திரும்ப வாங்கிக்கொண்ட கடப்பாரையோடு காத்திருந்த வேம்புலி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.