பெட்ரோல் டாங்கியா, குண்டா?

பிஜியின் லௌடோகா துறைமுகத்தில் மரப்பெட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தபோது பாலசுப்பிரமணி பக்கத்திலேயே நின்றார். பயமே இல்லை. சொல்லப்போனால், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவருக்கு இருந்தது. பதினோரு வருஷமாக உள்ளே இருந்ததைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"என்ன பையா இது?" என்றார் சுங்க அதிகாரி தர்மேந்திரா.

"பாம் ராக்" என்றார் பாலசுப்பிரமணி. "ஏரோப்ளேன் இறக்கைக்கு அடியில குண்டு மாட்டுறது."

தர்மேந்திராவின் முகம் வெளுத்தது. முந்தைய வருஷம் இரண்டு முறை ராணுவத்தினர் ஆட்சியைக் கவிழ்த்திருந்தார்கள். போதாக்குறைக்கு, இரண்டு வாரம் முன்புதான் இதே துறைமுகத்தில் ஆயுதங்கள் பிடிபட்டு ஊரே கலங்கிக் கிடந்தது. "மெதுவா பேசுங்க" என்று பல்லைக் கடித்தபடி சொன்னவர், மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

பாலசுப்பிரமணி நாந்தி விமானத் தளத்தில் இருபத்தாறு வருஷம் எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். லோவு கிராமத்தில் அவருடைய மச்சான் அப்பல்சாமியின் கரும்புக் காட்டில் ஒருநாள் டிராக்டர் கலப்பை எதிலோ சிக்கி வளைந்தது. தோண்டிப் பார்த்தால், யுத்தகாலத்தில் அமெரிக்கர்கள் புதைத்துவிட்டுப் போன இரும்புக் குப்பை. அதில் கிடந்தவை இந்த இரண்டு ராக்குகள். இரட்டை எஞ்சின், இரட்டை வால் கொண்ட லைட்னிங் சண்டை விமானத்தினுடையவை. துருவைச் சுரண்டி, அளந்து, அமெரிக்காவில் பழைய மெக்கானிக்குகளைத் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதிக் கேட்டு, முப்பத்தோரு தாள்களில் வரைபடம் போட்டிருந்தார். நியூசிலாந்தில் ஒரு சின்ன விமான அருங்காட்சியகத்திடம் அதே ரக விமானத்தின் உடல் மட்டும் இருந்தது. ராக்குகளோடும் வரைபடங்களோடும் செப்டம்பர் முதல் தேதிக்குள் வந்து சேர்ந்தால் வேலை என்று கடிதம் வந்திருந்தது. அந்த வேலையை நம்பித்தான் விசா. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியர்கள் வெளியேறியதில் அவர்கள் தெருவில் பாதி வீடுகள் ஏற்கெனவே காலி.

விசாரணை அதிகாரி தொமாசி மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, நோட்டைத் திறந்தார். "சொல்லுங்க பாலா."

பாலசுப்பிரமணி சொன்னார். லைட்னிங் உயரத்தில் பறந்து சண்டை போடச் செய்த விமானம். எஞ்சின்கள் இரண்டும் இறக்கையில் போய்விட்டதால் மூக்கு காலியாக இருந்தது. துப்பாக்கிகள் மொத்தத்தையும் அங்கே வைத்தார்கள். எல்லாக் குண்டும் நேராக ஒரே கோட்டில் போகும். தரையில் இருக்கும் எதிரியை அடிக்க அதைவிட வசதி வேறென்ன? அதனால் அதைப் பனைமர உயரத்துக்குக் கீழே இறக்கினார்கள். இறக்கினால் வேறொரு சிக்கல். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயில் ஒரு துப்பாக்கிக் குண்டு பட்டால் போதும், அந்த எஞ்சின் போயிற்று. ஆனால் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

"எவ்வளவு எடை தாங்கும் இது?"

"பக்கத்துக்கு ஆயிரம் பவுண்டு. அதுக்கு மேலயும்."

தொமாசி எழுதினார். "தீவுகளுக்குப் போற சின்ன ப்ளேன்ல இதை மாட்ட முடியுமா?"

"முடியவே முடியாது. இறக்கை தாங்காது" என்ற பாலசுப்பிரமணி அதோடு நிறுத்தியிருக்கலாம். "இறக்கைக்குள்ள இருக்கிற உத்தரத்துக்கு ரெண்டு பக்கமும் பட்டை போடணும், கழட்டிவிடுற ஒயரைப் பைலட் கைக்குக் கொண்டுவரணும், அப்புறம்…"

தொமாசி அதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, நிபுணர் கருத்து கேட்க ஒருவரை அழைத்து வந்தார்கள். கிருஷ்ணகுமார், மதுரைக்காரர். ஒப்பந்தத்தில் வந்த எஞ்சினியர். நாந்தி கோயிலில் இருவரும் பார்த்துக்கொண்டதுண்டு. வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர், தொமாசி வெளியே போன நேரத்தில் குனிந்து தமிழில் பேசினார்.

"சார், இந்தக் கொக்கியில மொதல்ல பெட்ரோல் டாங்கிதானே மாட்டினாங்க? தூரப் பயணத்துக்கு?"

"ஆமா. அப்பறம்தான் குண்டு."

"அந்த அப்பறத்தை விட்டுடுங்க. பெட்ரோல் டாங்கி மாட்டுற ராக்னு நான் எழுதிடறேன். அது பொய்யும் இல்ல. நீங்களும் அதையே சொல்லுங்க. இன்னிக்கே விட்டுடுவாங்க."

பாலசுப்பிரமணிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவருடைய பழைய தமிழ் தடுமாறியது. "அது எப்பிடி தொரை? டாங்கி ராக்கை குண்டு ராக்கா மாத்தினான் பாரு, அந்த வேலைதான் இது. குண்டு ஆடாம நிக்க நாலு கால் வெச்சான், ஒயரு மாத்தினான். மியூசியம்காரன் கேட்டதே அதத்தான். பதினோரு வருசம் நான் அதத்தான் வரைஞ்சேன். பெட்ரோல் டாங்கின்னா என் வேலை எங்க?"

"சார், கெஞ்சிக் கேக்கறேன்."

அதற்குள் தொமாசி திரும்பி வந்துவிட்டார். பாலசுப்பிரமணி அவரிடமே ஹிந்தியில் சொன்னார்: "எழுதிக்கோங்க. குண்டுக்காகத்தான். யுத்தத்துல, நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால." தொமாசி 'குண்டுக்காகத்தான்' என்பதன் கீழே மட்டும் கோடு போட்டார்.

கிருஷ்ணகுமாருக்கு வேறு வழியில்லை. குண்டு தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். ஜூலை முழுக்கக் கோப்பு தலைநகர் சுவாவில் இருந்தது. ஆகஸ்டில் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. பாலசுப்பிரமணி வாரம் இரண்டு முறை பஸ் ஏறி லௌடோகா போய், அதே பெஞ்சில் உட்கார்ந்து, "நாளைக்கு வாங்க" கேட்டுத் திரும்பினார். வீட்டில் அவர் தட்டை நகர்த்தினாலும் சத்தம், கதவைச் சாத்தினாலும் சத்தம். செப்டம்பர் முதல் தேதி வந்தது, போனது. வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக அருங்காட்சியகம் வருத்தத்தோடு எழுதியது.

அக்டோபரில் ராக்குகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆபத்தில்லாமல் செய்வதற்காக ஒவ்வொன்றையும் காஸ் வைத்து மூன்று துண்டாக அறுத்திருந்தார்கள். வரைபடங்களில் நான்கு தாள் குறைந்தது.

"நாலு எங்கே?"

தொமாசி உண்மையாகவே தேடினார். அலமாரியைத் திறந்தார், மேசையைக் கவிழ்க்காத குறை. "கிடைச்சா சொல்லி அனுப்பறேன் பாலா" என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது. திட்டலாம் என்று வந்த பாலசுப்பிரமணிக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

அன்று மாலை மனைவி இந்திராவதி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, நர்ஸ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒரு உறையை மேசையில் வைத்தாள். அவர்கள் வீட்டுப் பேச்சு ஹிந்திதான்.

"ஆக்லாந்துல நர்ஸ் கேட்டாங்க. ஜூலையில எழுதிப் போட்டேன். விசா வந்திடுச்சு."

"ஜூலையிலேயா? என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட எப்பச் சொல்றது? இரும்போடதான் பேசிட்டிருந்தீங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய பெயருக்கு எதிரே, சார்ந்திருக்கும் கணவர் என்று இருந்தது. இரண்டு முறை படித்தார். "இருபத்தாறு வருஷம் எஞ்சின் பிரிச்சவன் நான்" என்றார்.

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. போய்ச் சொல்லுங்க. இங்க உக்காந்து யார்கிட்ட சொல்லப்போறீங்க?"

  மூன்றாம் நாள் அவர் அறுபட்ட துண்டுகளை லோவுவுக்கு எடுத்துப்போய் அப்பல்சாமியின் கொட்டகையில் போட்டுவிட்டு வந்து, பெட்டிகளுக்குக் கயிறு வாங்கினார்.

பிப்ரவரியில் கிளம்பினார்கள். நாந்தி விமான நிலையத்தில் அவர் கையிலிருந்த தகரக் குழலை ஒரு சோதனைக்காரி தட்டிப் பார்த்தாள். "இதுல என்ன?"

பாலசுப்பிரமணி வாயைத் திறந்தார். இருபத்தேழு தாள்களும் தொண்டைவரை வந்து நின்றன. பக்கத்தில் இந்திராவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டு பிளான்" என்றார். "அங்க போய்க் கட்டப்போறோம்."

"நல்லது" என்று அவள் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டாள். முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை. அந்தப் பெண் இன்னும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.