ஒன்பது கறுப்புச் சதுரங்கள்

மாலை வகுப்புக்கு எனக்குத் துணையாக வரத்தான் அண்ணி பெயர் கொடுத்தார். கணினி வைத்துப் பாடம் நடத்தச் சொல்லித்தரும் வகுப்பு அது. அது நடந்த பள்ளியிலேயே நான்காம் வகுப்புக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று தலைமையாசிரியை அறிவித்தபோது, நான் அதைத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் அண்ணி கையைத் தூக்கியிருந்தார்.

கடைசியில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான். வியாழக்கிழமை நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பு, தண்ணீர்.

நான் பதினான்கு ஸ்லைடுகள் செய்தேன். ஒவ்வொன்றையும் கடிகாரம் பார்த்துப் பேசிப் பழகி, அந்த நேரம் முடிந்ததும் அடுத்தது தானாக வரும்படி கோப்பிலேயே பதிந்துவைத்தேன். அண்ணி செய்தது இரண்டே இரண்டு. முதலாவதில் ஒரு படம், அதை மறைத்து ஒன்பது கறுப்புச் சதுரங்கள். ஒரு சதுரத்தைத் தொட்டால் அது மட்டும் மறையும். அடியில் இருந்தது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு, மிக அருகில் எடுத்த படம். இரண்டாவதில் விடை.

என்னுடையதை நின்றபடியே பார்த்து "நல்லா இருக்கு" என்ற அண்ணன், அண்ணியுடையதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ ஒரு தடவை பாத்துடேன். உனக்குத்தான் இதெல்லாம் நுணுக்கமா தெரியும்" என்றார் அண்ணி.

பார்த்தேன். சதுரத்துக்கு வெளியே எங்கே கிளிக் செய்தாலும் விடைக்கு ஓடிவிடும். அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணி" என்றேன்.

வியாழக்கிழமை முதலில் நான். மேகம் திரையில் இருந்தபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், கடல் தண்ணிலேர்ந்துதானே மழை வருது? அப்ப ஏன் அது உப்பா இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேகம் போய் ஆறு வந்தது. ஆற்றைப் பிடிப்பதற்குள் அணை வந்தது. நான் பதிந்துவைத்த நேரமே என்னைத் துரத்தியது. "அதை அப்புறம் சொல்றேன்மா" என்று மூன்று பேரிடம் சொன்னேன். சரியாக இருபதாவது நிமிடத்தில் 'நன்றி' வந்தது.

அண்ணி மௌஸை அதே சிறுமியிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு சதுரம் மறைந்தது.

"நிலா."

"தேன்கூடு."

"எங்க மாமா கன்னம் டீச்சர். பரு வந்து போன கன்னம்."

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்தார். தவறட்டும், சீக்கிரம் தவறட்டும் என்று அந்தச் சிறுமியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது சதுரத்தில் கிளிக் தவறி வெளியே விழுந்தது. பெரிய எழுத்தில் விடை வந்து நின்றது. அண்ணி பின்னால் போகத் தெரியாமல் எதையெதையோ அழுத்த, திரையே மூடிக்கொண்டது. மீதி நேரம் கூச்சலில் போனது.

"சொன்ன நேரத்துல ஒழுங்கா முடிச்சது நீங்கதான்" என்றார் தலைமையாசிரியை என்னிடம். "திங்கட்கிழமை வந்துடுங்க."

பள்ளி வாசலில் பிள்ளைகள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், அடுத்து என்ன படம் மறைப்பீங்க?"

"இனிமே இவங்கதான் உங்க டீச்சர். இவங்களையே கேளுங்க."

அந்தச் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"திங்கட்கிழமை எத்தனை ஸ்லைடு டீச்சர்?"

வேலை கிடைத்தவள் நான். ஆனாலும் தெருமுனை வரை அண்ணியின் மேல்தான் பொறாமையாக இருந்தது. அவரோ என் தோளில் கை போட்டு நடந்தார். "போகட்டும் விடு, வேலை நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, வெளிய தொட்டா விடைக்குப் போயிடும்னு நேத்தே பாத்தேன்."

தோளிலிருந்து கை இறங்கியது.

"பாத்துட்டுமா சரியா இருக்குன்னு சொன்னே?"

"ஆமா."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்.

"சரி. திங்கட்கிழமை பிள்ளைங்களுக்கு என்ன காட்டப்போறே?"

வேறு நாளாயிருந்தால் நான் கேட்காமலே பத்து யோசனை சொல்லியிருப்பார். அன்று உள்ளே போய்விட்டார்.