பெயர் மறைத்த பேட்டி

வீட்டில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர் வைத்து வெகு நாளாகிறது. வைத்தவர் கணவர். “டாக்டரம்மா, தலை வலிக்குது, ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்களேன்” என்று வம்புக்கிழுப்பார். அவள் வேலை குழந்தைகள் நல அலுவலகத்தில். சிக்கலான குடும்பங்களின் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது. அந்த வேலையைப் பற்றியே, வேலையை விடாமல், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு. வகுப்புக்குப் போகலாம், ஆனால் அவள் பொறுப்பில் உள்ள வீடுகளை மற்ற நாட்களில் அவளே பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது அதிகாரி போட்ட நிபந்தனை.

முடியுமா? முடியவில்லை. பக்கத்து இருக்கை அக்காதான் கை கொடுத்தாள். கூடப் பிறந்த அக்கா இல்லை, கூட வேலை பார்க்கிற அக்கா. “நீ போய்ப் படி. உன் வீடுங்களையும் நானே பாத்துக்கிறேன். என்ன, கப்பலா கவுந்துடப் போகுது?” என்பாள். பிரிண்டர் நின்றாலும், மேலிடத்திலிருந்து ஆள் வந்தாலும், அக்காவுக்குக் கப்பல் கவிழாது.

ஆய்வுக்காகச் சக ஊழியர்களைப் பேட்டி எடுத்தபோது அக்காவும் உட்கார்ந்தாள். ஒலிப்பதிவு ஓட ஓட மனம்விட்டுப் பேசினாள். “சில நாள் ரெண்டு பேர் வேலை தலையில விழும். அன்னிக்கு வீட்டுக்குப் போக மாட்டேன். போன்ல விசாரிச்சுட்டு, நேர்ல பாத்ததா எழுதிடுவேன். என்ன, கப்பலா கவுந்துடும்?”

அந்த இரண்டாவது ஆள் யார் என்று அவள் கேட்கவில்லை. இப்படி ஒரு வாக்குமூலம் கிடைத்ததே என்ற பூரிப்பில் அது அவளுக்கு உறைக்கவும் இல்லை. படித்த லட்சணம்!

பெயரை மறைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. அக்காவை ஆணாக்கினாள், வயதில் பத்தைக் குறைத்தாள். பேச்சில் கை வைக்கவில்லை. “அப்படியே விடுங்க, அதுலதான் உயிரே இருக்கு” என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

ஆய்வில் கண்டதை எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று அதிகாரி கூட்டம் போட்டார். அவள் திரையில் காட்டி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். “ஓர் ஆண் பணியாளர் சொல்கிறார்...” கப்பல் வந்ததுதான் தாமதம், கூடம் கொல்லென்று சிரித்தது.

“இந்த ஆம்பளைய எங்களுக்கு நல்லாத் தெரியுமே!” என்றது பின்வரிசை.

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அக்காவும் சிரித்தாள், பாவம், முதலில். அதிகாரி சிரிக்கவில்லை. மேடையில் நின்றவள் அடுத்த பக்கத்தைத் திரையில் போட்டாள். மிச்சத்தை எப்படி வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. முடிந்ததும் கைதட்டினார்கள்.

அக்காவை அதிகாரி அறைக்கு அழைத்தார். வெகு நேரம் கழித்து அவள் திரும்பி வந்து, தன் மேஜையில் இருந்த சில கோப்புகளை எடுத்து இவள் மேஜையில் வைத்தாள். எல்லாம் இவளுடைய வெள்ளிக்கிழமை வீடுகள்.

“என்னை இனி வெளி வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாம். விசாரணை இருக்காம். உன் வீட்டை நீயே பாத்துக்கோ.”

“அக்கா... போகாம விட்டது என் வீடுங்களையா?”

“பின்ன? என் வீட்டுக்கு நான் போகாம இருப்பேனா?”

அவமானம் காதுமடல் வரை சுட்டது. “எனக்காகத்தான்னு உள்ள சொன்னீங்களா?”

“சொல்லல” என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. “உன் பேரை நான் சொல்லல. நீயும் என் பேரைச் சொல்லலையே.”

அதிகாரியின் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அவள் எழுந்து போய் உண்மையைச் சொன்னாள் என்று முடிக்கக் கதை சொல்பவனுக்கும் ஆசைதான். அவள் அந்தக் கோப்புகளை எடுத்து, சத்தம் வராமல், இழுப்பறைக்குள் வைத்தாள்.