ஹேங் அப் என்று சொன்னவன்

1

இந்தக் கதையை ஒரு பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில், சமையலறையில் நின்றபடி எழுதுகிறேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்னறையில் ஒருவர் காத்திருக்கிறார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு கதை வேண்டும்.

2

நான் பதிப்பகத்தில் பிழை திருத்துபவன். நண்பன் லிப்ட் மெக்கானிக். மிக நல்லவன், அவனைப் போல

(அடித்துவிட்டேன். செத்தவனைப் பற்றி எழுதினால் எல்லாருக்கும் வருகிற வரி. சரியான அறுவை அவன். ஒரே ஜோக்கை மூன்று தடவை சொல்வான், மூன்று தடவையும் அவனே முதலில் சிரிப்பான்.)

வேலையிடத்தில் பொறுக்கிய இங்கிலீஷை என்னிடம்தான் அவிழ்த்துவிடுவான். ஒருநாள் போனில் கேட்டான்:

"டேய், சனிக்கிழமை ஹேங் அப் பண்ணலாமா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். "அது ஹேங் அவுட்டுடா. சேர்ந்து சும்மா பொழுதைப் போக்குறது. ஹேங் அப்னா போனை வைக்கிறது."

"சரிடா வாத்தியாரே, அவுட்டு. வர்றியா?"

"வேலை தலைக்கு மேல கிடக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம்."

போனை வைத்துவிட்டேன். அப்புறம் ஆறு மாதம், வாராவாரம் இதே பேச்சு. சொல்லைத் திருத்தினேனே தவிர, ஒரு தடவைகூடப் போகவில்லை. போன மாதம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

3

முன்னறையில் இருப்பது அவன் மனைவி. வந்து உட்கார்ந்ததும் கேட்டார்:

"சனிக்கிழமை ஆனா போதும்ணா, உங்ககூட ஹேங் அவுட்டுன்னு சட்டையை அயர்ன் பண்ணிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. பொழுது சாயத்தான் வருவாரு. அப்படி என்னதான்ணா பேசுவீங்க ரெண்டு பேரும்?"

அப்போதுதான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

(சொல்லைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் திருத்தியபடியே.)

4

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், அந்தச் சனிக்கிழமைகளில் அவன் எங்கே இருந்தான் என்ற கேள்வி அவர் தலையில் விழும். அது எனக்கும் தெரியாது.

பொய் சொல்லலாம். லிப்டில் மாட்டிக்கொண்ட மேனேஜர் பற்றி அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த ஜோக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம் என்றால் அவரும் சிரிப்பார். ஆனால், நான் போகாத சனிக்கிழமைகளுக்கெல்லாம் போனவனாகிவிடுவேன். வெட்கமாக இருக்கிறது.

அல்லது அவன் இருந்த இடத்தையாவது எழுதிப் பார்க்கலாம். ஏதோ ஒரு பூங்கா. பெஞ்சு. அயர்ன் கலையாத சட்டையில் அவன், கையில் போனை வைத்துக்கொண்டு

முடியவில்லை. அழுகைதான் வருகிறது.

5

ஊரார் வரிகளையெல்லாம் திருத்தியவனுக்குத் தன் வரி வரவில்லை. நீங்களே எழுதித் தாருங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

"நாங்க ரெண்டு பேரும்மா, . . . . . . . . . . . ."

கொஞ்சம் சீக்கிரம். டம்ளர் நிரம்பி வழிகிறது. முன்னறையிலிருந்து குரல் வருகிறது.

"தண்ணி இருக்கட்டும்ணா. நீங்க வந்து உட்கார்ந்து சொல்லுங்க, அது போதும்."